சுண்ணாம்பு அடிக்கும் முன் எழுத்தைப் படியுங்கள்

தலைவர் அவர்களே, அருட்தந்தை அவர்களே, மெதடிஸ்த திருச்சபைப் போதகர் ஐயா அவர்களே, வேலைப்பளுவுக்கு நடுவிலும் வந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பறங்கியர் சமூகத்துப் பெரியோர்களே, இந்த வெயிலில் எனக்குப் பொன்னாடை போர்த்திய விழாக் குழுவினரே, வணக்கம். யாராவது விடுபட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் தலைவர் தந்தது.

நம் மட்டக்களப்புப் பக்கத்துப் பழைய சேமக்காலைகளை, அதாவது கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களைப் பற்றி மூன்று விடயம் பேச வந்தேன்: கல்லறைச் சின்னங்கள், அவற்றைச் செதுக்கிய கைகள், சட்டம்.

உச்சி உடைந்த தூணைக் கண்டால் யாரோ இடித்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். வாழ்வு பாதியில் அறுந்தவருக்கு அப்படித்தான் செதுக்குவார்கள். நங்கூரம் இருந்தால் கப்பற்காரர் என்று முடிவுகட்டவும் வேண்டாம். பெரும்பாலும் அது விசுவாச நம்பிக்கையின் சின்னம். மண்டையோடும் குறுக்கே இரண்டு எலும்பும் 'நாளைக்கு நீயும்' என்ற எச்சரிக்கை.

இந்த மண்டையோட்டால் ஒரு கூத்து நடந்ததாகச் சொல்வார்கள். ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள், சம்பந்திமார் இருக்கிறார்கள். நாலு இளந்தாரிகள் அதைக் கண்டு கடற்கொள்ளைக்காரன் புதையல் என்று தீர்மானித்துவிட்டார்கள். பூசாரி, எலுமிச்சம்பழம், மண்வெட்டி, எல்லாம் தயார். நடுச்சாமத்தில் இடுப்பளவு தோண்டியாயிற்று. பின்னால் ஒரு வெளிச்சம். பூசாரிதான் முதலில் ஓடினாராம்! வந்தது குழிவெட்டும் கிழவர். 'மனே, ஓடாதீங்க. காலமே ஒரு அடக்கம் இருக்கு, எனக்கு இடுப்பு ஏலாது. ரெண்டடி தள்ளி வெட்டித் தந்தீங்க எண்டா புண்ணியமாப் போகும்' என்றாராம். வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்கள்.

சிரிக்கிறீர்கள். சரி, ஆனால் கல்லுக்குக் கேடு செய்வது அவர்கள் மட்டுமா? நவம்பர் 2 கல்லறைத் திருநாள். பாசத்தோடு போய்ச் சுண்ணாம்பு அடிக்கிறோம். காரைச் சுவருக்கு அது நல்லதுதான், எழுத்துக்கு எமன். ஒரு கல்லில் விரலால் தடவித் தடவி ஒரு பெயரின் முதல் மூன்று எழுத்தைத்தான் பிடிக்க முடிந்தது, மிச்சமெல்லாம் வெள்ளைப் பொருக்கு. அப்புறம் சீமெந்து. பழைய காரை மேல் அதைப் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே அடைபட்டுக் காரையைப் பொடியாக்கிவிடும். சிலைக்குள் வைத்த இரும்புக் கம்பியும் அப்படித்தான். துருப்பிடித்துப் பருத்து, தேவதூதனின் மணிக்கட்டைப் பிளந்துவிடும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?

1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 இல் கோடு கீறுகிறது. அதற்கு முந்தியவை தொல்பொருள். 1814 இல் இங்கே வந்து பள்ளிக்கூடம் தொடங்கிய வில்லியம் ஓல்ட் போதகர் இறந்தது 1815 ஏப்ரல் 1. முப்பது நாள் பிந்திவிட்டார், பாவம்! அவருக்குப் பிந்திய அத்தனை பேரின் கல்லறையும் கோட்டுக்கு வெளியே. ஆனால் நூறு வருடம் கடந்த கட்டடத்தையும் கல்லையும் வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்கச் சட்டத்தில் இடமுண்டு. பிரதேச செயலாளர் அம்மா, இதற்காகத்தான் உங்களை வருந்தி அழைத்தோம். இலங்கைக் கல்லறை வாசகங்களை பென்றி லூயிஸ் என்ற அதிகாரி திரட்டி 1913 இல் நூலாக்கினார். அதற்குப் பிறகு நாம் என்ன எழுதி வைத்தோம்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம், வேறென்ன.

செதுக்கிய கைகளைப் பற்றியும் சொல்வதாக இருந்தேன். தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், விடுகிறேன்.

இந்தக் கல்லறைகளுக்குப் பாதுகாப்புக் கேட்கும் மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுத் தேநீருக்குப் போங்கள். திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை காலை, கல்லெழுத்தைப் பதிந்து வைக்கத் தொலைபேசியும் ஒரு கொப்பியும் கொண்டு சேமக்காலைக்கு வாருங்கள். சுண்ணாம்பு வாளிக்கு முன் நாம் அங்கே நிற்க வேண்டும்.