விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழலாமா?

(மாசி மாத மாலையொன்றில் இலங்கை மலையகத்தின் அட்டனில் ஆற்றிய உரை)

தலைமை தாங்கும் அதிபர் அவர்களே, வேலைப்பளுவுக்கு நடுவிலும் முன்வரிசையில் வந்தமர்ந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, தோட்ட முகாமையாளர் அவர்களே, பிரதேச சபை உறுப்பினர்களே, பகலெல்லாம் கொழுந்தெடுத்துவிட்டுப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மாரே, மாணவச் செல்வங்களே, வணக்கம். மண்டபமும் ஒலிவாங்கியும் தந்த ஆலய பரிபாலன சபையாருக்கு நன்றி. மைதான விளக்குகளை இன்றிரவு அணைத்துத்தர இசைந்த அதிபருக்கு இரட்டிப்பு நன்றி.

சுப்பர்நோவா, வால்வெள்ளி, கைத்தொலைபேசியில் வானத்தைப் படம்பிடிப்பது என மூன்று விடயங்களைப் பேசச் சொன்னார்கள்.

சூரியனைவிட எட்டு மடங்குக்கு மேல் நிறை கொண்ட நட்சத்திரத்தில் எரிபொருள் தீர்ந்ததும் நடுப்பகுதி தன் பாரத்தாலேயே இடிந்து விழுகிறது. வெளிப்பகுதி வெடித்துச் சிதறுகிறது. அதுதான் சுப்பர்நோவாவில் ஒரு வகை.

1987 பெப்ரவரி 23 இரவு. சிலி நாட்டில் லாஸ் கம்பானாஸ் என்ற மலை. அங்கே ஒரு மீட்டர் அகல ஆடி கொண்ட தொலைநோக்கியை இயக்கும் வேலையில் இருந்தவர் ஒஸ்கார் துகால்டே. ஆய்வாளர் அல்லர், இரவுப் பணியாளர். கோப்பி போட எழுந்தவர், வானம் எப்படி இருக்கிறது என்று வெளியே வந்து பார்த்தார். பெரிய மகெல்லன் மேகம் என்பது தென்வானில் மேகத்துணுக்குப் போலத் தெரியும் ஒரு நட்சத்திரக் கூட்டம். அதற்குள் ஒரு நட்சத்திரம் கூடுதலாக நின்றது. நம் தாய்மார் மலையில் எந்தச் செடி எங்கே நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்களே, அப்படி அந்த மேகத்தை அறிந்தவர் அவர். கருவியே இல்லாமல் கண்டுகொண்டார். உள்ளே போனார், வேலை காத்திருந்தது, யாரிடமும் சொல்லவில்லை! அதே மலையில் இயன் ஷெல்டன் என்ற வானியலாளர் மூன்று மணி நேரம் ஒளிபட வைத்த புகைப்படத் தகட்டைக் கழுவிப் பார்த்தார். புதிய புள்ளி. தகட்டின் பழுதோ என்று வெளியே ஓடிப் பார்த்தார், வானத்திலும் இருந்தது. துகால்டே இருந்த தொலைநோக்கிக் கட்டடத்துக்கு வந்து அவர் சொன்னபோதுதான், "நானும் பார்த்தேன்" என்றார் துகால்டே. 1604க்குப் பிறகு வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த முதல் சுப்பர்நோவா அது.

அந்த மேகம் நமக்கும் தெரியும் திசையில்தான் இருக்கிறது. மாசியில் இரவு ஏழரை மணியளவில் தெற்கே, அடிவானத்திலிருந்து 14 பாகை உயரம். நீட்டிய கையின் முஷ்டி ஒன்றரை. ஆனால் தெற்கே மலைமுகடு இருந்தால் மறைத்துவிடும். முகடு இல்லாத இடத்தில் நம் விளக்குகள் மறைக்கின்றன. விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழலாமா?

வால்வெள்ளிக்கு வேறு சோதனை. அது பஞ்சுத்துணுக்குப் போல மங்கலாகத் தெரியும். ஆனால் மங்கலானதெல்லாம் வால்வெள்ளியல்ல. 1758இல் வால்வெள்ளி ஒன்றைத் தொடர்ந்த சார்ள்ஸ் மெசியே இடப ராசியில் ஒரு புகையைக் கண்டார். அது நகரவே இல்லை. 1054இல் சீனர் பதிந்துவைத்த சுப்பர்நோவாவின் மிச்சம் அது! ஆகவே 7x50 அல்லது 10x50 (ஏழு அல்லது பத்து மடங்கு பெருக்கம், 50 மில்லிமீட்டர் முன்வில்லை) பைனாகுலரை வேலிக்கம்பில் ஊன்றி, சுற்றியுள்ள நான்கு நட்சத்திரங்களோடு வரையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி, அடுத்த இரவும் மறுபடி. இடம் மாறினால்தான் வால்வெள்ளி. நேரே பார்க்காமல் சற்றுப் பக்கத்தில் பார்த்தால் மங்கல் தெளியும். நம் நேரத்தில் 5 மணி 30 நிமிடத்தைக் கழித்து உலக நேரத்தை எழுதுங்கள்.

நம் ஊரில் காரியத்தைக் கெடுப்பது ஈரம். வில்லையில் பனி படிந்தால் துடைக்காதீர்கள், பூச்சு கீறிவிடும். கறுப்பு அட்டையைச் சுருட்டி, வில்லையின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளத்துக்கு முன்னால் மாட்டுங்கள். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகள் இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அட்டன், மஸ்கெலியா பக்கம் தையும் மாசியும் நல்ல காலம். தென்மேல் மழை தொடங்கினால் பதுளை, பண்டாரவளைப் பக்கத்து உறவினரிடம் பைனாகுலரை அனுப்பிவிடுங்கள்.

பனிக்கு அட்டை போதும். வெளிச்சத்துக்கு? மேலே போகும் வெளிச்சம் பனிமூட்டத்தில் பட்டு முழுப் பள்ளத்தாக்கையும் வெள்ளைத்திரையாக்குகிறது. விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. சிறுத்தை நடமாடும் பாதையில், வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்துக்கு இருட்டோடு போகும் தாய்மாருக்கு வெளிச்சம் வேண்டும். அதைக் கீழே திருப்புங்கள் என்கிறேன். மைதான விளக்கின் முகம் தரைக்குச் சமாந்தரமாக இருக்கட்டும். லய வாசல் பல்புக்கு மேலே தகரக் குடை போடுங்கள். எல்ஈடி விளக்கென்றால் முதுகில் சூடு வெளியேறும் மடிப்புகளை மூடாதீர்கள், விரைவில் பழுதாகும். கம்பத்தில் நீங்கள் ஏறாதீர்கள். வீதி விளக்குக்குப் பிரதேச சபைக்கு எழுதிக் கொடுங்கள். உறுப்பினர்கள் இங்கேயே இருக்கிறார்கள், மனுவும் வாசலில் இருக்கிறது. காலடிக்கு வர வேண்டிய வெளிச்சத்தை வானத்துக்கு அனுப்பிவிட்டுப் படியில் தடுக்கி விழுகிறோமே. விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழலாமா?

மூன்றாவது விடயத்துக்கு நேரம் இல்லை. மைதானத்துக்குப் போவோம். திருவாதிரை நம் மலைகளுக்கு ஏறக்குறைய நேர் உச்சியில் கடக்கும் நட்சத்திரம். ஒருநாள் சுப்பர்நோவாவாகப் போவது. 2020 மாசியில் தூசு மறைத்து வழக்கத்தைவிட மிகவும் மங்கியது. நட்சத்திரத்தின் பிரகாசத்தை எண்ணால் குறிப்பார்கள், எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம். ரைகல் என்ற நட்சத்திரம் 0.1, ரோகிணி 0.9, இரண்டுக்கும் நடுவில் இன்று திருவாதிரை எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு பிள்ளையும் கொப்பியில் எழுத வேண்டும். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடம் ஆகும். கைத்தொலைபேசித் திரைகளை இப்போதே அணைத்துவிடுங்கள்.