கடலடியில் கிடந்த காட்டுப் பால்

(மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியவர்களே, விடுமுறைக்கு ஊர் திரும்பியிருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

கணினித் தகவல் தொடர்பின் வரலாறு என்றால் 1969இல் அமெரிக்காவில் பிறந்த, இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் என்ற கணினி வலையைத்தான் பலரும் முதலில் சொல்கிறார்கள். மலாயாக் காடுகளிலிருந்து தொடங்குங்கள் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

தாபான் என்றொரு மரம். தோட்டத்துப் பால்மரமான ரப்பர் பிரேசிலிலிருந்து வந்தது; தாபான் இந்த மண்ணிலேயே முளைத்தது. அதன் பால் வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். மலாய்க்காரர்கள் அதில் பாராங் என்னும் வெட்டுக்கத்திக்குப் பிடி போட்டார்கள். சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் மாண்ட்கோமரி 1843இல் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். அது மின்சாரத்தைக் கசியவிடாது என்று 1848இல் ஆங்கில அறிவியலாளர் ஃபாரடே எழுதினார். கடல்நீரும் அதைக் கெடுக்காது. தந்திக் கம்பிக்கு அதைப் போர்த்திக் கடலில் இறக்கினார்கள். 1871க்குள் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் கடலடிக் கம்பியால் இணைந்துவிட்டன.

இங்கே பால் வெட்டியவர்கள் இருக்கிறீர்கள், உங்களுக்குச் சொன்னால் விளங்கும். தாபான் மரத்தைச் சீவினால் பால் ஓடி வராது, சீக்கிரமே உறைந்துவிடும். அதனால் மரத்தையே சாய்த்தார்கள். ஒரு மரம், ஒரே ஒரு முறை. சில பத்தாண்டுகளில் தாபான் அரிதாகிப்போனது. கண்டங்களைக் கடல் வழியே இணைத்த முதல் தகவல் வலைக்கு விலை கொடுத்தது இந்தக் காடு. நூல்களில் இது ஓரிரு வரியோடு முடிந்துவிடுவது எனக்கு ஆறவில்லை.

1858இல், பிரிட்டனையும் அமெரிக்காவையும் இணைத்த அட்லாண்டிக் கடலடிக் கம்பி வழியே விக்டோரியா அரசி அனுப்பிய 98 சொற்கள் போய்ச்சேரப் பதினாறு மணி நேரம் ஆனது. நீருக்குள் கிடக்கும் கம்பி மின்னேற்றத்தைத் தேக்கிக்கொள்ளும். அதனால் அதில் அனுப்பும் மின் துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடும். கம்பி இரட்டிப்பு நீளமானால் தாமதம் நான்கு மடங்காகும் என்று இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் முன்பே கணக்கிட்டிருந்தார். அதைப் பொருட்படுத்தாத, கம்பி நிறுவனத்தின் மின்பொறுப்பாளர் வைட்ஹவுஸ் மின்னழுத்தத்தைக் கூட்டினார். சில வாரங்களில் கம்பி செத்தது. ஒரு வினாடியில் எத்தனை துடிப்பைத் தெளிவாக அனுப்பலாம் என்னும் இன்றைய இணையத்தின் கேள்வி அங்கேயே எழுந்துவிட்டது. 1870களில் பிரான்சின் தந்திப் பொறியாளர் போதோ, ஒவ்வோர் எழுத்தையும் உண்டு அல்லது இல்லை என்ற ஐந்து குறிகளாக்கி அனுப்பினார். பின்னாளில் கணினிகள் தந்தித் துறையின் துளை நாடாவையும் தொலை அச்சுப் பொறியையும் அப்படியே எடுத்துக்கொண்டன.

இவ்வூரில் பிறந்த துன் சம்பந்தன் 1960களில் தொலைத்தொடர்புக்கும் அமைச்சராக இருந்தார். அத்துறையில் கம்பம் நட்டவர்களிலும் தந்தி அடித்தவர்களிலும் தமிழர் பலர். இளைஞர்களே, அவர்கள் இருக்கும்போதே போய்க் கேளுங்கள். எந்தப் பொறியில் வேலை செய்தார்கள், நிமிடத்துக்கு எத்தனை சொல், மழையில் கம்பி அறுந்தால் யார் போனார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பழைய தந்தித் தாள், பயிற்சிச் சான்றிதழ், தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) எழுதிய செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு எதுவானாலும் எரிக்கவோ பழைய தாள்காரரிடம் போடவோ வேண்டாம். முதலில் படமெடுத்து, ஆண்டையும் ஊரையும் பின்புறம் எழுதிவையுங்கள்.