காற்று மாறும் வரை

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

இந்தியாவின் அண்டை நாடுகள் எவை என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால், பாகிஸ்தானில் தொடங்கி இலங்கையில் முடிப்பார்கள். இந்தோனேசியா என்று சொன்ன பிள்ளையை நான் இதுவரை கண்டதில்லை. ஆனால் பெரிய நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையிலிருந்து சுமத்திராவின் அச்சேயைச் சேர்ந்த வடகோடித் தீவுக்கு 200 கிலோமீட்டர்கூட இல்லை. அதே முனையிலிருந்து சென்னைக்கோ 1,500 கிலோமீட்டருக்கு மேல். இராசேந்திர சோழனின் கல்வெட்டுப் புகழுரையாகிய மெய்க்கீர்த்தியை எழுதியவருக்கு இந்த நெருக்கம் தெரிந்திருக்கிறது. இன்றைய அச்சேயாகிய இலாமுரி தேசத்தைச் சொன்ன கையோடு, அடுத்த அடியிலேயே மாநக்கவாரத்தை, அதாவது நிக்கோபாரைச் சொல்கிறார்.

மெய்க்கீர்த்தி பேசுவது சுமத்திராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிசய அரசின் மீது அவன் நடத்திய 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பற்றி. இரு கரைகளின் உறவு என்றாலே நம் மேடைகளில் அந்தப் போர் ஒன்றுதான் முழங்கப்படுகிறது என்பது என் நெடுநாளைய மனக்குறை. போருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பு அதே ஸ்ரீவிசயத்தை ஆண்ட மன்னன் ஒருவன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூளாமணி என்னும் பௌத்த விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்ததும், போருக்குப் பல ஆண்டுகள் கழித்துக் கடாரத்துத் தூதர் கேட்டுக்கொண்டதன் பேரில் முதற் குலோத்துங்கன் அந்தக் கொடையை உறுதிசெய்ததும் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்பெற்ற பட்டயங்களில் இருக்கின்றன. போர் வந்தது, போயிற்று, கொடை நின்றது.

இவையும் அரசர்களின் கதையே. அரசரே இல்லாத ஒரு கல்லைப் பற்றிச் சொல்லவே நான் இங்கு வந்தேன்.

சுமத்திராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்று ஒரு சிற்றூர். அதன் அருகே லோபு துவா என்னும் இடத்தில் 1873-இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. அது இப்போது ஜகார்த்தாவின் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. கல் சிதைந்திருக்கிறது, ஆனால் சக ஆண்டு ஆயிரத்துப் பத்து, மாசித் திங்கள் என்பது தெளிவு. கி.பி. 1088 என்று கணக்கிடுகிறார்கள். நம் ஊர்க் கல்வெட்டென்றால் முதலில் மன்னன் பெயரும் அவனுடைய ஆட்சியாண்டும் வரும். இதில் மன்னனும் இல்லை, ஆட்சியாண்டும் இல்லை. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் கூடி நின்று எழுதிய தீர்மானம் இது. வந்து சேரும் கப்பலின் தலைவன், கல்வெட்டின் சொல்லில் மரக்கல நாயன், கூட வந்தவர்களோடு சேர்ந்து கஸ்தூரியின் விலைக்கேற்ப ஒரு தொகையைப் பொன்னாகச் செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். போர் நடந்து அறுபத்து மூன்று ஆண்டுகளே ஆன தீவில், அந்நிய மண்ணில், தாய்மொழியில் கல் நட்டு வரி விதிக்கும் அளவுக்கு அவர்கள் ஊன்றியிருந்தார்கள் என்றால், அந்த ஊர்க்காரர்களோடு என்ன இணக்கம் இருந்திருக்க வேண்டும்!

பாருஸுக்கு ஏன் போனார்கள்? கற்பூரத்துக்காக. நாம் கொளுத்தும் சூடமன்று அது. வானளாவ வளரும் ஒரு காட்டு மரத்தின் உட்பிளவுகளில் படிகமாக உறைந்து கிடப்பது. எல்லா மரத்திலும் கிடைக்காது, வெட்டிப் பிளந்து பார்த்தால்தான் தெரியும். 'தொகு கருப்பூரமும்' சுமந்து வந்த கொண்டல் என்று சிலப்பதிகாரம் கீழ்க்காற்றைச் சொல்கிறதல்லவா, அந்த வாசம் இது. இன்றும் இந்தோனேசியர்கள் 'கப்பூர் பாருஸ்' என்று சொல்கிறார்கள். எதை என்கிறீர்கள்? துணிப் பெட்டியில் நாம் போட்டு வைக்கும் பாச்சை உருண்டையை! ஒரு காலத்தில் பொன்னுக்கு நிகராக மதித்த பொருளின் பெயர் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்.

கொண்டல் என்றேன். அந்தக் காற்றில்தான் முழு விஷயமும் இருக்கிறது. பாய்மரக் கப்பல் தென்மேற்குக் காற்றைப் பிடித்துக் கிழக்கே போகும். கிழக்குக் காற்று எழுந்தால்தான் திரும்பும். சரக்கை இறக்கி ஏற்றச் சில நாட்கள் போதும். காற்று மாறச் சில மாதங்கள் ஆகும். அந்தச் சில மாதங்களில் மாலுமி என்ன செய்வான்? கடை வைப்பான், கடன் கொடுப்பான், உள்ளூர்ப் பேச்சைக் கற்பான், சிலர் குடும்பமே அமைத்துக்கொள்வார்கள். நட்பு என்று நாம் சொல்வது காற்று மாறும் வரை காத்திருந்தவர்கள் செய்தது. திரும்பவும் சொல்கிறேன், காத்திருந்தவர்கள் செய்தது.

சில ஆண்டுகளுக்கு முன் சுமத்திராவிலிருந்து வந்த மாணவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. மேசையில் கிடந்த பழைய உறையின் பின்புறத்தில் அவர் மொழிச் சொற்களை ஒவ்வொன்றாக எழுதச் சொன்னேன். கப்பலுக்குக் கப்பால், கடைக்குக் கெடாய், பெட்டிக்குப் பெத்தி, சுருட்டுக்குச் செருத்து. 'தொழில் தொடங்கப் போடும் பணத்துக்கு என்ன சொல்வீர்கள்?' என்றேன். 'மோடால்' என்றார். எங்கள் ஊரில் அது முதல் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பின்பு அவரே, வடசுமத்திராவின் காரோ மக்களில் செம்பிரிங் என்னும் குலத்தாருக்குள் சோலியா, பாண்டியா, பெலாவி என்று உட்பிரிவுகள் இருப்பதைச் சொன்னார். பெலாவியைப் பல்லவரோடு இணைத்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு.

ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு அப்பால் இருப்பவர் விரல்களை மடக்கிக் காட்டுகிறார். நம் காலத்துச் செய்திகளுக்கு நான் ஒதுக்கியிருந்த நேரத்தைக் கற்பூரம் தின்றுவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். 1947-இல் டச்சுக்காரர்களின் பிடிக்குத் தப்பி, இந்தோனேசிய விடுதலைத் தலைவர் சுதான் சாஹ்ரீரைத் தம் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தவர், பின்னாளில் ஒடிசா முதல்வரான பிஜு பட்நாயக். 1950-இல் நம் முதல் குடியரசு நாளுக்குத் தலைமை விருந்தினர் இந்தோனேசியக் குடியரசுத் தலைவர் சுகார்னோ. மறு ஆண்டு நட்புறவு ஒப்பந்தம். 2004 டிசம்பரில் சுமத்திரா அருகே கடலடி நிலம் குலுங்கியபோது அச்சேயும் நாகப்பட்டினமும் ஒரே காலையில் பிணங்களை எண்ணின. வடசுமத்திராவின் மேடான் நகரத்தைப் பற்றிய பக்கங்களை அப்படியே மடித்து வைக்கிறேன். புகையிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்கள் குடியேறிய அங்கே, 1880-களில் எழுந்த மாரியம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. கோயிலுக்கு அந்த ஊர் மொழியில் 'குயில்' என்று பெயர்.

வணக்கம்.