பெரிய கோயில் நிழல் தரையில விழும்! ஆகஸ்ட் 18, 12:24, மொட்டைமாடிக்கு வாங்க

வணக்கம் மக்களே! இன்னைக்குக் கொஞ்சம் சூடாத்தான் ஆரம்பிக்கிறேன். போன ஞாயித்துக்கிழமை இங்க பெங்களூர்ல தமிழ்க் குடும்பங்கள் கூடுன இடத்துல பொது அறிவுப் போட்டி. பதினோராவது கேள்வி: "நிழல் தரையில விழாத கோயில் எது?" விடை அட்டையில தஞ்சாவூர்ப் பெரிய கோயில்னு அச்சடிச்சிருக்கு. பத்து வயசுப் பையன் ஒருத்தன் எழுந்து, "சாயங்காலம் நாங்க அந்த நிழல்லதானே உக்காந்திருந்தோம்"னு சொன்னான். அவனுக்கு மார்க் இல்ல. வாட்ஸ்அப்ல வந்தத ஒப்பிச்ச அணிக்கு 10 மார்க். அந்தப் பையனுக்காகத்தான் இந்த வீடியோ.

முதல்ல கோயில் கணக்க முடிச்சிடுவோம். விமானத்தோட உயரத்த 216 அடின்னு எழுதுவாங்க, அதுல அளவுக்கு அளவு வித்தியாசம் இருக்கு. நான் குறைச்சே வெக்கிறேன், 60 மீட்டர். அடித்தளம் சுமார் 30 மீட்டர் சதுரம். அதாவது நடுவுலேருந்து ஓரம் வரைக்கும் 15 மீட்டர். உச்சியோட நிழல் 15 மீட்டரத் தாண்டுச்சுன்னா தரையில விழுதுன்னு அர்த்தம். இவ்வளவுதான் விஷயம்.

தஞ்சாவூர் இருக்குறது 10.8 டிகிரி வட அட்சரேகையில. டிசம்பர் 21 உச்சிப்பொழுதுல சூரியன் தலைக்கு நேர் மேலேருந்து 34 டிகிரி தெற்க சாஞ்சிருக்கும். 34 டிகிரிக்கு டேன், அதாவது நிழல் நீளத்த உயரத்தால வகுத்தா வர்ற எண், 0.68னு எடுத்தா, 60 மீட்டருக்கு 41 மீட்டர் நிழல். 15 போக 26 மீட்டர் வெளிய, வடக்குப் பக்கம், சண்டிகேசுவரர் சந்நிதி இருக்குற பக்கம் விழும். நட்ட நடு மத்தியானத்துலயே இப்படி. சாயங்காலம் 4 மணிக்குன்னா கோடையில கூட 80, 90 மீட்டர் வரைக்கும் கிழக்க நீளும். அந்தப் பையன் உக்காந்தது அதுலதான்.

அப்போ இந்தக் கதை எங்கேருந்து வந்துச்சு? இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். 60 மீட்டர் உயரத்துக்கு 15 மீட்டர் ஓரம்னா, சூரியன் 14 டிகிரிக்குள்ள சாஞ்சிருக்குற வரைக்கும் உச்சியோட நிழல் கோயில் மேலயே விழுந்துடும், தரைக்கு வராது. தஞ்சாவூர்ல மார்ச் நடுவுலேருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் உச்சிப்பொழுதுல இதே நிலைமைதான். வருஷத்துல பாதிக்கு மேல! கோடை லீவுல மத்தியானம் 12 மணிவாக்குல வந்து நின்னவங்க யாருக்கும் நிழல் கண்ணுல பட்டிருக்காது. பார்த்தது பொய் இல்ல. அத வருஷம் பூரா, நாள் பூரான்னு நீட்டுனதுதான் பொய்.

ராஜராஜனப் பத்தி உருப்படியா ஒரு கேள்வி வேணுமா? விமானத்து உச்சியில வெக்கிற செப்புக்குடத்த அவர் கொடுத்த நாள் கல்வெட்டுல இருக்கு: 25ஆவது ஆட்சியாண்டு, 275ஆவது நாள். கி.பி. 1010. குடத்தோட எடை 3083 பலம்னு கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. எடைய பலக் கணக்குல எழுதி வெச்ச ஆட்களப் போய், நிழல் விழாத மாயம் பண்ணாங்கன்னு சொல்றது அவங்களக் குறைச்சுப் பேசுறது.

சரி, நிஜமாவே நிழல் காணாமப் போற நேரம் ஒன்னு இருக்கு. நிழலில்லா நாள். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவுல இருக்குற எந்த ஊருக்கும் வருஷத்துல ரெண்டு நாள் உச்சிப்பொழுதுல சூரியன் தலைக்கு நேர் மேல வரும். தஞ்சாவூருக்கு ஏப்ரல் 18ஐ ஒட்டி ஒன்னு, ஆகஸ்ட் 25ஐ ஒட்டி ஒன்னு. அன்னைக்குக் கோயில் வாசல்ல நட்ட மூங்கில் கம்புக்கும் நிழல் கிடையாது. மும்பைக்கு மே 15, ஜூலை 27 வாக்குல. டெல்லிக்கு எப்பவுமே கிடையாது, அது கடக ரேகையையும் தாண்டி வடக்க, 28.6 டிகிரி அட்சரேகையில இருக்கு. பெங்களூருக்கும் சென்னைக்கும் அட்சரேகை ஏறக்குறைய ஒன்னுதான், 13 டிகிரி. அதனால ரெண்டு ஊருக்கும் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்குல.

தேதி ஒன்னு, நேரம் வேற! ஏப்ரல் வீடியோல பாதி கமெண்ட், "12 மணிக்குப் போய் நின்னோம், நிழல் இருந்துச்சே"ன்னு. இருக்கத்தான் செய்யும். நம்ம கடிகாரம் ஓடுறது 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு. பெங்களூரு 77.6. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம்னா கிட்டத்தட்ட 20 நிமிஷம் தாமதம். அதோட பூமி சூரியன நீள்வட்டத்துல சுத்துறதாலயும் அச்சு சாஞ்சிருக்குறதாலயும் தேதிக்குத் தேதி கொஞ்சம் கூடும் குறையும். ஏப்ரல் 24க்கு சுமார் 2 நிமிஷம் கழிக்கணும், ஆகஸ்ட் 18க்கு சுமார் 4 நிமிஷம் கூட்டணும். அதனால பெங்களூருக்கு இப்போ வர்றது 12:24. நீங்க 12 மணிக்கே போய்ப் பார்த்தா 1 மீட்டர் கம்புக்கு 10 சென்டிமீட்டர் நிழல் தெரியும்.

இப்போ ஆகஸ்ட் 18 அன்னைக்கு இத நீங்களே பார்க்கத் தேவையான சாமான். 1 மீட்டர் சதுர அலுமினியக் குழாய். பிவிசி வேண்டாம், பெங்களூரு வெயிலுக்கே வளையுது. 2 அடிக்கு 2 அடி பிளைவுட், குழாய நிறுத்த ரெண்டு எல் கிளாம்ப், ஒரு தூக்குக்குண்டு, ஒரு ரசமட்டம். எஸ்.ஜே.பி. ரோட்டுல எல்லாம் ஒரே தெருவுல கிடைக்கும்.

ரசமட்டத்தப் பத்தி நான் பேசியே ஆகணும். கடையில கைக்கு வந்த முதல் மூணுமே தப்பு. எப்படிக் கண்டுபிடிக்கிறது? கடை மேஜையில வெச்சுக் குமிழி எங்க நிக்குதுன்னு பாருங்க. அப்புறம் மட்டத்த அதே இடத்துல முன்பின்னா திருப்பி வைங்க, இடது முனை வலதுக்கு வரணும். மேஜை சாய்வா இருந்தாப் பரவாயில்ல, ஆனா குமிழி ரெண்டு தடவையும் மேஜையோட அதே பக்கம், அதே அளவு தள்ளி நிக்கணும். திருப்புனதும் அளவு மாறுச்சுன்னா மட்டம் பொய் சொல்லுது. மூணு மட்டம் அப்படித்தான் மாறுச்சு. நாலாவது நின்னுச்சு பாருங்க, அசையாம! 140 ரூபாய். பக்கத்துல 450 ரூபாய் மட்டம், மஞ்சள் கலர், காந்தம் எல்லாம் வெச்சது, திருப்புனா அரைக் குமிழி ஓடுது. விலையப் பார்க்காதீங்க, திருப்பிப் பாருங்க. கடைக்காரர் முறைச்சாலும் திருப்புங்க.

இவ்வளவு பாடு எதுக்குன்னா, மொட்டைமாடித் தரை சமமா இருக்காது. மழைத்தண்ணி ஓட கொத்தனார் வாட்டம் வெச்சிருப்பார். 100க்கு 1 வாட்டம்னாலே 1 மீட்டர் கம்புக்கு 1 சென்டிமீட்டர் பொய் நிழல். பலகைக்கு அடியில மடிச்ச அட்டையச் சொருகி, மட்டத்தக் கிழக்கு மேற்கா ஒரு தடவை, வடக்கு தெற்கா ஒரு தடவை வெச்சுச் சரி பண்ணுங்க. அப்புறம் குழாய்க்குத் தூக்குக்குண்டு. ஒரு பக்கம் நேரா இருந்தாப் போதாது, பக்கத்து முகத்துலயும் பாருங்க. குழாய் 1 டிகிரி சாஞ்சா 17 மில்லிமீட்டர் போச்சு. ஒரு நாள் முன்னப்பின்ன பார்த்தா வர்ற நிழலே 6 மில்லிமீட்டர்தான், அப்போ எது தேதித் தப்பு, எது சாய்வுத் தப்புன்னே தெரியாது.

சின்னப் பிள்ளைங்க இருக்குற வீட்ல காபி டம்ளரும் வைங்க. டம்ளருக்கு வாய் அகலம், அடி குறுகல். அதனால நிழல் சுத்தமாப் போகாது, 12:24க்கு அடியச் சுத்தி ஒரே அகலத்துல வளையமா நிக்கும். 12:15க்குப் பார்த்தா மேற்குப் பக்கம் தடிச்சிருக்கும், 12:35க்குக் கிழக்குப் பக்கம் தடிக்கும்.

ஐயோ, ஒன்னு விட்டுட்டேன். போன மாசம் ஜந்தர் மந்தர் வீடியோல சொன்னேன்ல, நிழல் ஓரம் கத்தி மாதிரி இருக்காதுன்னு. சூரியன் புள்ளி இல்ல, வானத்துல அரை டிகிரி அகலம். 1 மீட்டர் கம்போட நிழல் நுனி 9 மில்லிமீட்டர் மங்கலா இருக்கும். அளக்கப் போறீங்கன்னா குழாய் உச்சியில ஒரு அட்டைய ஒட்டி, 3 மில்லிமீட்டர் ஓட்டை போடுங்க. கீழ வட்டமா ஒரு வெளிச்சப் பொட்டு விழும். அதோட நடுவுலேருந்து, ஓட்டைக்கு நேர் கீழ இருக்குற புள்ளி வரைக்கும் அளங்க. உயரத்த ஓட்டைலேருந்து பலகை வரைக்கும் எடுங்க, குழாய் நீளத்த எடுக்காதீங்க.

அளந்து என்ன பண்ண? பூமியோட சுத்தளவக் கண்டுபிடிக்கலாம்! கி.மு. மூணாம் நூற்றாண்டுல எகிப்து அலெக்சாந்திரியாவுல எரட்டோஸ்தனிஸ்ங்கற கிரேக்க அறிஞர் பண்ணது இதத்தான். தெற்க சயீன்ங்கற ஊர்ல, இப்போ அஸ்வான், கோடை உச்சியில நிழல் இல்ல. அதே நாள் அலெக்சாந்திரியாவுல 7.2 டிகிரி. முழு வட்டத்துல ஐம்பதுல ஒரு பங்கு. ரெண்டு ஊருக்கும் நடுவுல தூரம் 5,000 ஸ்டேடியம் (அந்தக் காலத்துக் கிரேக்க நீள அளவு), 50ஆல பெருக்குனா 2,50,000. அவ்வளவுதான் கணக்கு.

நமக்கு அவரவிட நல்ல ஜோடி இருக்கு. பெங்களூரு 77.6 டிகிரி தீர்க்கரேகை, டெல்லி 77.2. ஏறக்குறைய ஒரே கோடு. ஆகஸ்ட் 18 இங்க உச்சி 12:24, அங்க 12:25. டெல்லியில சித்தி, மாமா, காலேஜ்ல படிக்கிற அக்கா யாராவது இருந்தா இதே சாமான வாங்கச் சொல்லுங்க. அவங்களுக்கு 1 மீட்டருக்கு சுமார் 28 சென்டிமீட்டர் நிழல் வரும். 0.28க்கு டேன் இன்வர்ஸ் போட்டா 15.6 டிகிரி. நேர்க்கோட்டுத் தூரம் 1,740 கிலோமீட்டர். 1,740ஐ 360ஆல பெருக்கி 15.6ஆல வகுங்க: 40,150 கிலோமீட்டர் கிட்ட வரும். துருவம் வழியாப் போற உண்மையான சுத்தளவு 40,008. ரெண்டு அலுமினியக் குழாய்க்கு இது போதாதா!

தப்பு எங்க நடக்கும்? ரோட்டுத் தூரத்தப் போட்டுடுவாங்க. ரோடு வளைஞ்சு வளைஞ்சு 2,000 கிலோமீட்டருக்கு மேல போகும், பூமி ஊதிடும். இன்னொன்னு, டெல்லில நிழல 29 சென்டிமீட்டர்னு ஒரு சென்டிமீட்டர் கூட எழுதுனா 1,400 கிலோமீட்டர் குறைஞ்சிடும்.

டெல்லி ஆளுங்களுக்கு உச்சிப்பொழுத கடிகாரம் இல்லாம சரிபார்க்க வழி இருக்கு. குழாயச் சுத்தி 40 சென்டிமீட்டர் ஆரத்துல ஒரு வட்டம் போடுங்க. பலகை பத்தாது, பெருசா எடுத்துக்கோங்க. காலையில நிழல் சுருங்கி வந்து வட்டத்த ஒரு இடத்துல தொடும், மத்தியானத்துக்கு மேல நீண்டு இன்னொரு இடத்துல தொடும். ரெண்டையும் நூல் வெச்சு இணைச்சா கிழக்கு மேற்கு. அதுக்குக் குறுக்க வடக்கு தெற்கு. அந்தக் கோட்டுல நிழல் விழுற நேரம்தான் உச்சி. நெடுநல்வாடையில அரண்மனைக்கு மனை வகுக்குற இடத்துல, சூரியன் ஒரு பக்கமும் சாயாத அரைநாள்ல ரெண்டு கோல் நட்டு, கயிறு பிடிச்சுத் திசை பார்ப்பாங்களே, அதே குடும்பத்து வேலை இது. சங்க காலத்துலயே நமக்குக் கோலும் கயிறும் தெரியும்.

கயிறுன்னதும் திரும்பத் தஞ்சாவூர் வந்துடுச்சு. வில்லியம் லாம்டன்னு ஒருத்தர், 1802 ஏப்ரல்ல சென்னை பரங்கிமலைப் பக்கம் 100 அடி எஃகுச் சங்கிலிய வெச்சு அடிக்கோடு, அதாவது மத்த கணக்குக்கெல்லாம் அடிப்படையான முதல் நேர்க்கோடு, அளந்து, இந்தியாவையே முக்கோணம் முக்கோணமா அளக்க ஆரம்பிச்சவர். பெங்களூர்லயும் 1804ல ஒரு அடிக்கோடு அளந்தாங்க. அவரோட தியோடலைட், அதாவது கோணம் அளக்குற கருவி, அரை டன் எடை, லண்டன்லேருந்து வரும்போது பிரெஞ்சுக்காரங்க கப்பலோட பிடிச்சு, அப்புறம் மரியாதையாத் திருப்பி அனுப்புனது. காவிரிச் சமவெளியில மலை இல்ல, பார்க்குற பக்கமெல்லாம் தென்னை, பனை. தூரத்துக் குறியப் பார்க்கக் கோயில் உச்சிதான் வழி. 1808ல அந்தக் கருவியப் பெரிய கோயில் விமானத்து மேல ஏத்தும்போது கயிறு அறுந்து, சுவர்ல மோதி, கோணம் அளக்குற வட்டமே நெளிஞ்சு போச்சு. லாம்டனே உக்காந்து பொறுமையா நிமித்தி, மறுபடி அதே கருவியாலதான் அளந்தார். போட்டி வெக்கிறவங்க இதக் கேளுங்க: பூமிய அளந்த கருவி எந்தக் கோயில்ல மோதி நெளிஞ்சுது?

கடைசியா, ஆகஸ்ட்ங்கறதால மேகம். ஏப்ரல் மாதிரி வானம் சுத்தமா இருக்காது. அதனால 17, 18, 19 மூணு நாளும் பலகைய எடுக்காம வைங்க, 12:10க்கே மாடியில இருங்க. 12:20லேருந்து 12:28 வரைக்கும் நிமிஷத்துக்கு ஒரு தடவை பொட்டோட நடுவுல பென்சில் புள்ளி. நிமிஷத்துக்கு 4 மில்லிமீட்டர் நகரும், அதனால நடுவுல ரெண்டு புள்ளிய மேகம் விழுங்குனாலும் மிச்சத்த இணைச்சாக் கோடு கிடைச்சிடும். சூரியன நேராப் பார்க்காதீங்க, பார்க்க வேண்டியது எல்லாம் கீழ பலகையிலதான் இருக்கு. கமெண்ட்ல எழுதும்போது ஊர், ஓட்டையோட உயரம், நிழல் நீளம், நேரம், நாலும் வேணும். நீளத்த மில்லிமீட்டர்ல எழுதுங்க.