ஒரு டொலர் குறி செய்த வேலை

நேயர்களுக்கு வணக்கம். திறந்த மூல மென்பொருள் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். யாரும் எடுத்துப் பாவிக்கலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம். உங்கள் அண்ட்ரொய்ட் போனுக்கு அடியில் ஓடும் லினக்ஸும் அந்த வகைதான். ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் அதோடு கூட வரும் வழிகாட்டிக் குறிப்பு.

வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஏ.எல். சோதனை எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருந்த மருமகள், "மாமா, நீங்கள் செய்த மென்பொருளை நானும் போட்டுப் பார்க்கவா?" என்றாள். குறிப்பை எழுதியவன் நான். "எல்லாம் அதிலேயே இருக்கு, பார்த்துச் செய்" என்று சொல்லிவிட்டு, பிளேன்டீயோடு அவளுக்குப் பின்னால் அமர்ந்தேன். வாயே திறப்பதில்லை என்று முடிவு.

இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். கட்டளைக்கு முன்னால் நான் ஒரு டொலர் குறி போட்டிருந்தேன். கறுப்புத் திரையில் கணினி "சொல், கேட்கிறேன்" என்று காத்திருக்கும் அடையாளம் அது. அதைத் தட்டக் கூடாது. பிள்ளை டொலரையும் சேர்த்துத் தட்டினாள். அப்படியொரு கட்டளையே இல்லை என்றது கணினி. திரும்பவும் தட்டினாள், திரும்பவும் அதே பதில். மூன்றாம் தடவை, "எனக்கு இது சரிவராது மாமா" என்றாள். பிழை விட்டவன் நான், வெட்கப்பட்டது அவள்! தேநீர் ஆறியே போய்விட்டது. இதில் வேறு, அந்த வரிக்கு மேலேயே "மிக எளிது" என்று எழுதி வைத்திருந்தேன். அந்தச் சொல்லை அன்றைக்கே வெட்டினேன். எளிது என்று எழுதிவிட்டால், மாட்டிக்கொண்டவர் கேள்வி கேட்கவே கூசுவார்.

சரி, அடுத்தது பழைய பெயர்கள். கொழும்பில் வழி கேட்டால் "கிரீன் பாத்தால போங்கோ" என்பார்கள். பலகையில் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்று இருக்கும். ஊருக்குப் புதியவர் என்ன செய்வார்? திறந்த மூலத் திட்டங்களைப் பலர் சேர்ந்து எழுதும் இணையத்தளமான கிட்ஹப்பிலும் இதே கதைதான். 2020 ஒக்டோபரிலிருந்து அங்கே புதிதாகத் தொடங்கும் திட்டங்களின் முதன்மைக் கிளைக்கு, அதாவது திட்டத்தின் பிரதான பிரதிக்கு, "மாஸ்டர்" என்ற பெயர் போய் "மெயின்" வந்தது. பழைய குறிப்புகளில் இன்னும் மாஸ்டர்தான். புதியவர் அதைத் தேடித் தேடி, தான்தான் எதையோ கெடுத்துவிட்டதாக நினைப்பார். மருமகளைப் போலவே.

2017இல் கிட்ஹப் நடத்திய கருத்துக்கணிப்பில், அரைகுறையான அல்லது பழசாகிப்போன குறிப்புகளைக் கண்டிருப்பதாக 93 சதவீதமானோர் சொன்னார்கள். குறிப்பு எழுதுவது அரிது, அல்லது எழுதுவதே இல்லை என்று பங்களிப்பவர்களில் 60 சதவீதமானோர் சொன்னார்கள். குறை எல்லோருக்கும் தெரிகிறது, கை வைக்கத்தான் ஆளில்லை.

அந்த டொலர் என் கண்ணுக்குப் பழகிப்போனது. எத்தனையோ தடவை படித்தும் எனக்குப் படவில்லை, அவளுக்கு இரண்டு நிமிடத்தில் பட்டது. அதனால் இப்போதெல்லாம் புதிதாக வருபவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எங்கே மாட்டினீர்கள், அதை மறப்பதற்குள் எழுதித் தாருங்கள். மருமகளின் முதல் பங்களிப்பும் அதுதான், ஒரேயொரு குறியை அழித்தது.

தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். தமிழில் குறிப்பு எழுதுவது பற்றி ஒரு பக்கம் வைத்திருந்தேன், அதற்கு நேரமில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கிட்ஹப்பில் "குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ" என்று அடையாளமிட்ட வேலைகள் புதியவர்களுக்கென்றே வைத்தவை. பெறுபேறுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் அங்கே எட்டிப் பார்க்கலாம். வணக்கம்.