ஜாரிக்கு வந்த பிடிமண்

வணக்கம் நேயர்களே.

பிழைப்புக்காக ஊரை விட்டுப் போகிறவர்கள் குலசாமி கோயிலில் பிடிமண் எடுத்துப் போவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். நான் இன்று பேசப்போகிற மனிதரின் வீட்டில் ஒரு பிடி மண்ணுக்காக 44 வருடம் காத்திருந்தார்கள்.

அவர் பெயர் ஆல்பர்ட் எக்கா. இன்றைய ஜார்க்கண்டில், கும்லா மாவட்டத்து ஜாரி கிராமம். ஒராவோன் பழங்குடிக் குடும்பம். சின்ன வயதிலேயே வில்லும் அம்புமாகக் காட்டுக்கு வேட்டைக்குப் போனவர். ஹாக்கி நன்றாக ஆடுவார். 1962 டிசம்பர் 27, அவருக்கு 20 வயது நிறைந்த நாள். அன்றுதான் ராணுவத்தின் பீகார் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். பிறகு 14ஆவது கார்ட்ஸ் படைப்பிரிவுக்கு மாறினார்.

1971 டிசம்பர் 3 இரவு. பாகிஸ்தானோடு போர். திரிபுராவின் தலைநகர் அகர்தலாவுக்கு மேற்கே, எல்லைக்கு அப்பால், இன்றைய வங்கதேசத்தில் இருக்கிற கங்காசாகர். எதிரியின் இயந்திரத் துப்பாக்கி ஒன்று இவர் தோழர்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது. எக்கா அந்தப் பதுங்குகுழிக்குள் பாய்ந்து, துப்பாக்கிமுனைக் கத்தியால் இருவரைக் குத்தி அதை நிறுத்தினார். பலத்த காயம். அத்தோடு பின்னால் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. அப்புறம் ஒரு கட்டிடத்தின் மாடியிலிருந்து இன்னொரு இயந்திரத் துப்பாக்கி சுட ஆரம்பித்தது. ஊர்ந்து போய்க் கையெறி குண்டு வீசினார், அது அடங்கவில்லை. ரத்தம் ஒழுக ஒழுகச் சுவரேறி உள்ளே குதித்து, அதையும் அடக்கினார். அந்தக் காயங்களோடு அங்கேயே உயிர் பிரிந்தது. 29 வயதுகூட நிறையவில்லை. அந்தப் போரின் கிழக்கு முனையில், போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா பெற்றவர் இவர் ஒருவர்தான்.

விருது வந்தது. ராஞ்சியில் ஒரு நாற்சந்திக்கு அவர் பெயர் வைத்தார்கள், சிலை வைத்தார்கள், 2000இல் தபால்தலையும் வந்தது. எல்லாம் சரி. ஆனால் உடல் வரவில்லை. அகர்தலாவை ஒட்டிய ஒரு கிராமத்தில் புதைத்துவிட்டார்கள். ஜாரியில் இளம் மனைவியும் சின்ன மகனும் இருந்தார்கள். கல்லறை எங்கே இருக்கிறது என்பதைக்கூட அந்தக் குடும்பத்துக்குச் சரியாகச் சொல்லாமல் நாற்பது வருடத்துக்கு மேல் விட்டதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

2015 டிசம்பரில், அவர் நினைவுநாளில், ஒரு கலசத்தில் மண் கொண்டுவந்தார்கள். இது அவர் கல்லறை மண்தானா என்று கேட்டார்கள் குடும்பத்தார், வாங்கிக்கொள்ளவில்லை. அந்தக் கேள்வியில் என்ன தப்பு? பிறகு குடும்பத்தாரையும் அழைத்துக்கொண்டு ஒரு குழு திரிபுராவுக்குப் போனது. கல்லறையை நேரில் பார்த்து, அங்கேயே மண் எடுத்தார்கள்.

2016 ஜனவரியில் அந்த மண் ஜாரிக்கு வந்து சேர்ந்தது. அதைப் பார்க்க அவர் மனைவி உயிரோடு இருந்தார்.

நன்றி, வணக்கம்.