வென்னீரில் மட்டும் அடங்கும் வாந்தி: நெடுநாள் கஞ்சாப் பழக்கத்தின் ஒரு பின்விளைவு

[காட்சி: நீராவி படிந்த குளியலறைக் கண்ணாடி]

வணக்கம். விடாமல் வாந்தி எடுக்கும் ஒருவர், சுடச்சுட வென்னீர் உடம்பில் விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் நிம்மதியாக இருக்கிறார். குழாயை மூடிய சற்று நேரத்தில் குமட்டல் திரும்பிவிடுவதால், நள்ளிரவானாலும் மறுபடி குளியலறைக்குள் போகிறார். வீட்டில் உள்ளவர்கள் இதை மனக்கோளாறு என்று எண்ணக்கூடும். ஆனால் இது ஒரு நோயின் அடையாளம். ஆண்டுக்கணக்கில், பெரும்பாலும் அன்றாடம், கஞ்சா பயன்படுத்துபவர்களில் ஒரு சிலருக்கு வரும் இந்த நோயை மருத்துவர்கள் 'கன்னபினாய்டு ஹைபரெமிசிஸ் சிண்ட்ரோம்' என்று அழைக்கிறார்கள்.

[காட்சி: தெற்கு ஆஸ்திரேலியாவின் வரைபடம், அடிலெய்டு மலைப்பகுதி]

இந்த நோயை முதலில் தெளிவாக விவரித்தவர்கள், தெற்கு ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரை ஒட்டிய மலைப்பகுதியில் பணியாற்றிய மருத்துவர்கள். நெடுநாள் கஞ்சாப் பழக்கமும், விட்டுவிட்டு வரும் கடும் வாந்தியும் சேர்ந்திருந்த 19 பேரை அவர்கள் அடையாளம் கண்டார்கள். சிலர் சம்மதிக்காததாலும், சிலருக்கு வேறு காரணங்களும் இருக்கக்கூடும் என்பதாலும், 9 பேரை மட்டும் தொடர்ந்து கவனித்து 2004-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். அனைவரிடமும் கஞ்சாப் பழக்கமே முதலில் வந்திருந்தது. வாந்தி பின்னால்தான் தொடங்கியிருந்தது. பழக்கத்தை நிறுத்திய 7 பேருக்கு வாந்தியும் நின்றது. நலமடைந்த பிறகு மீண்டும் புகைத்துப் பார்த்த 3 பேருக்கும் நோய் திரும்பி வந்தது. முன்பே பதிவான ஒரு நோயாளியையும் சேர்த்து 10 பேரில் 9 பேர், வாந்தி வந்த நாள்களில் திரும்பத் திரும்பக் குளித்துக்கொண்டிருந்தார்கள். நோயாளிகளின் இந்த விசித்திரமான செயலை அலட்சியப்படுத்தாமல் பதிந்து வைத்ததே அந்த மருத்துவர்கள் செய்த பெரிய உதவி என்று நான் கருதுகிறேன். பிற்காலத்தில் எத்தனையோ மருத்துவர்கள் "வென்னீரில் குளித்தால் சரியாகிறதா?" என்ற கேள்வியிலிருந்துதான் இந்த நோயைக் கண்டறிந்திருக்கிறார்கள்.

கஞ்சா வாந்தியை நிறுத்தும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம் என்று உங்களுக்குத் தோன்றலாம். அதுவும் உண்மைதான். கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி., மூளையில் குமட்டலைத் தூண்டும் பகுதியை அடக்குகிறது. அதே பொருளைச் செயற்கையாகத் தயாரித்த டிரோனாபினால் என்ற மருந்துக்கு, கீமோதெரபியால் வரும் வாந்திக்காக 1985-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. நோயாளியைச் சிக்க வைப்பதும் இந்த உண்மைதான். நோயின் முதல் கட்டத்தில், மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும், காலையில் எழுந்ததும் குமட்டலும் வயிற்றில் ஓர் அசௌகரியமும் இருக்கும். அதைத் தணிக்கவே அவர் முன்னைவிடக் கூடுதலாகப் புகைக்கிறார். தனக்கு மருந்து என்று நம்பும் பொருளின் மீது அவருக்குச் சந்தேகம் வருவதே இல்லை.

[காட்சி: மூளையையும் குடலையும் காட்டும் வரைபடம்]

டி.எச்.சி. சென்று பற்றும் 'சி.பி.1' என்ற ஏற்பிகள் (உயிரணுக்களில் சமிக்ஞைகளை வாங்கிக்கொள்ளும் புரதங்கள்) மூளையில் மட்டுமல்லாமல் குடல் நரம்புகளிலும் இருக்கின்றன. அன்றாடம் அளவுக்கு மீறித் தூண்டப்படும்போது, உடல் அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையையும் கூருணர்வையும் குறைத்துக்கொள்கிறது. அதனால் வாந்தியை அடக்கும் வழி பலவீனமாகிறது என்று கருதப்படுகிறது. கொழுப்பில் கரையும் தன்மை கொண்ட டி.எச்.சி. உடலின் கொழுப்பில் சேர்ந்து, பழக்கத்தை நிறுத்திய பல நாள்களுக்குப் பிறகும் சிறுகச் சிறுக இரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும். வென்னீர் ஏன் ஆறுதல் தருகிறது என்பதற்கு, 'டி.ஆர்.பி.வி.1' என்ற மற்றொரு ஏற்பியைச் சுட்டிக்காட்டுகிறார்கள். இது ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டிலும், மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினிலும் தூண்டப்படுவது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. வயிற்றின் மேல் கேப்சைசின் களிம்பைத் தடவினால் சிலருக்கு வாந்தி தணிவது இந்த விளக்கத்தோடு பொருந்துகிறது என்றாலும், ஆய்வு இன்னும் முடிந்துவிடவில்லை.

வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் உடலில் நீர் வற்றி, பொட்டாசியம் குறைந்து, சிறுநீரகம் பாதிக்கப்படலாம், உயிரிழப்புகளும் பதிவாகியுள்ளன. மணிக்கணக்கில் மிகச் சூடான நீரில் நின்று தோல் வெந்துபோனவர்களும் உண்டு. வழக்கமாகத் தரப்படும் வாந்தித் தடுப்பு மருந்துகள் பலருக்குப் பலனளிப்பதில்லை. மனநோய்க்குத் தரப்படும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் உதவக்கூடும். வயிற்றுவலிக்காகத் தரப்படும், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிநிவாரணிகள் நிலைமையை மோசமாக்கலாம். இதையெல்லாம் மருத்துவர் முடிவுசெய்ய வேண்டுமானால், நோயாளி தன் பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். குடும்பத்தார் அருகில் இருப்பதால் அவர் சொல்லத் தயங்கினால், ஸ்கேன், எண்டோஸ்கோபி என்று ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் கோளாறு ஏதும் தென்படாமல், காரணம் மட்டும் தெரியாமலே போகும். ஆகவே உடன் வந்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: மருத்துவருடன் அவர் தனியாகப் பேசுவதற்குச் சில நிமிடங்கள் விட்டுக்கொடுங்கள்.

நெடுநாள் பழக்கத்தின் மற்ற விளைவுகளில் மனநோய் அபாயத்தை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான பெரிய ஆய்வில், ஒருபோதும் பயன்படுத்தாதவர்களோடு ஒப்பிட்டால், அன்றாடம் கஞ்சா பயன்படுத்துபவர்களுக்கு மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் வரும் வாய்ப்பு மூன்று மடங்கும், வீரியம் மிகுந்த வகையை அன்றாடம் பயன்படுத்துபவர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கும் கூடுதலாகக் காணப்பட்டது. வீரியமும் கூடிக்கொண்டுதான் வருகிறது: அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் 1995-இல் ஏறத்தாழ 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி., 2014-இல் 12 சதவீதத்தை எட்டியிருந்தது.

[காட்சி: நாள்காட்டித் தாள்கள் மெல்லப் புரள்கின்றன]

வாந்தி நோய்க்கு நிலையான தீர்வு, பழக்கத்தை முழுமையாக நிறுத்துவதுதான். நிறுத்திய முதல் வாரத்தில் தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை ஆகியவை உச்சத்தில் இருக்கும். இரண்டு மூன்று வாரங்களில் அவை பெரும்பாலும் தணியும். வாந்தி அடங்கச் சிலருக்குச் சில நாள்கள் போதும், சிலருக்கு மாதங்கள் ஆகும். கஞ்சாதான் காரணம் என்று உறுதிப்படுத்த, ஆறு மாதங்களாவது கஞ்சாவைத் தொடாமலிருந்து பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இடையில் ஒருமுறை தவறிப் புகைத்துவிட்டு மறுபடி வாந்தியோடு வருபவரைக் கடிந்துகொள்ளாமல், அன்றிலிருந்து நாள்களை மீண்டும் எண்ணத் தொடங்கினால் போதும்.